நுகுதாவில் அனைவரும் நலம்

நுகுதா தீவில் ஐம்பத்து மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் இருபத்தொன்பது பேருக்கு இதயம் நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது முறை அடித்துக்கொண்டிருந்தது.

மனித இதயம் அப்படி அடித்தால் ஒரு நாள் தாங்குவதே பெரிய விஷயம். இவர்களுக்கோ ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்தது. பெருங்கடல் குடியிருப்பு வாரியத்தின் பழைய கணினி நாடி இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே பார்க்கும். அந்த ஆண்டு வந்த புதுக் கணினிதான் துடிப்பையும் எண்ணத் தொடங்கியது. எண்ணிவிட்டு, 'பெயர் தெரியாத நோய், பரவக்கூடும்' என்று சிவப்பில் எழுதி, அமலோற்பவத்தை மூன்று மருந்துப் பெட்டிகளோடு கப்பலேற்றிவிட்டது.

அமலி என்று எல்லாரும் கூப்பிடும் அமலோற்பவம் மருத்துவர் அல்ல. ஆட்களை எண்ணுகிறவள். பன்னிரண்டு ஆண்டுகளாக வாரியத்துக்காகத் தீவு தீவாகப் போய் நாடிமணிகளைச் சரிபார்ப்பது அவள் பிழைப்பு. குன்றிமணி அளவில் ஒரு கருவி. பிறந்த மூன்றாம் நாள் மணிக்கட்டில் கட்டிவிட்டால் சாகும்வரை நாடியைப் பிடித்துத் தீவின் கோபுரத்துக்குச் சொல்லும், கோபுரம் வாரியத்துக்குச் சொல்லும். ஆள் கோபுரத்தின் எல்லையைத் தாண்டிப் போனால் 'கடலில்' என்று குறித்துக்கொண்டு காத்திருக்கும். மீன்பிடிக்கிற ஊர்களில் அதில் அதிசயமில்லை. ஒரு தீவில் ஐம்பது நாடி இருக்கும்வரை அங்கே மூன்று மாதத்துக்கொருமுறை கப்பல் போகும், உப்புத்தண்ணீரை நன்னீராக்கும் இயந்திரம் ஓடும். ஐம்பதுக்குக் கீழே போனால் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மீதிப் பேரைப் பெருநிலத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஐம்பது என்ற எண்ணை யார் முடிவுசெய்தார்கள் என்று அமலி ஒருமுறை அலுவலகத்தில் கேட்டாள். கேட்டவளை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள், அதோடு விட்டுவிட்டாள்.

கப்பலில் படிக்க வாரியம் ஒரு சிறு கையேடு கொடுத்திருந்தது. 'நுகுதா: ஓர் அறிமுகம்.' முதல் பக்கம் மக்கள், ஐம்பத்து மூவர். இரண்டாம் பக்கம் வன உயிர்கள். தென்னை ஏறித் தேங்காயை உரிக்கும் நண்டு, இரண்டு வகை ஆமை, தவாக்கே என்ற வெள்ளைக் கடற்பறவை. இரண்டு பக்கங்களுக்கும் நடுவே ஒரு தடித்த கோடு போட்டிருந்தார்கள்.

மணலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மெலே என்ற பெண்ணுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊசி போடுவதும் வானொலியில் பேசுவதும் தண்ணீர் இயந்திரத்தைத் துடைப்பதும் அந்தத் தீவில் அவள்தான். பக்கத்தில் அவள் தம்பி பெனிதாலா, அகன்ற தோளும் பறவை கொத்திய தழும்பு நிறைந்த கைகளுமாக நின்றான். அமலி காதில் மொழிபெயர்ப்பானைச் செருகிக்கொண்டாள். எந்தத் தமிழ் வேண்டும் என்று அது முதலில் கேட்டபோது அவள் தன் ஊர்ப் பேச்சையே கேட்டு வாங்கியிருந்தாள். ஆகவே பசிபிக்கின் நடுவில் ஒரு பெண் வாய் திறந்ததும் தூத்துக்குடிக் கடற்கரை பேசியது.

"வாங்க ஆபீசரம்மா. வெயில்ல எதுக்கு நிக்கிய? எளநி வெட்டி வச்சிருக்கு."

"எளநி இருக்கட்டும்க்கா. சீக்காளிய எங்க? எனக்கு மூணே நாளுதான், அதுக்குமேல கப்பல் நிக்காது."

"இங்க யாருக்கும் சீக்கில்லையே," என்றாள் மெலே. சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வை அமலிக்குப் பிடிக்கவில்லை. ஆள் எண்ணப் போகும் இடங்களில் அவள் நிறையப் பார்த்த பார்வை அது.

இடுப்பில் இருந்த கருவியை எடுத்துப் பட்டியலைத் திறந்தாள். "பதினேழாம் நம்பர். தெவிலா. இருக்கதுலேயே அவியளுக்குத்தான் மோசம். மொதல்ல அவியளப் பாக்கணும்."

பெனிதாலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "தெவிலா என் பொஞ்சாதில்லா! தெவிலா மனு."

மொழிபெயர்ப்பான் தனக்குத் தெரியாத சொல்லை அப்படியே விட்டுவிடும். ஆனால் அது விட்டுப்போன சொல் என்று அமலிக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வேண்டி, பள்ளி வேண்டி, இறந்த மகனின் உடலை அனுப்ப வேண்டி, போகும் தீவிலெல்லாம் அவள் கையில் மனுதான் திணிப்பார்கள்.

"மனு எழுதி வச்சிருக்காவளா? குடுங்கண்ணே, வாங்கிக்கிடுதேன்."

"இப்பம் இங்க இல்ல. கடலுக்குப் போயிருக்கா. வெடிஞ்சதும் வந்துருவா. நானே கையோட கொண்டாரேன்."

"ஒடம்புக்கு முடியாதவியள கடலுக்கா அனுப்புனிய?"

"அவ போவாம யாரு போவா?" என்று சிரித்தான் பெனிதாலா. மெலே சட்டென்று இளநீரை அமலியின் கையில் வைத்து அழுத்தினாள்.

அன்று மாலைக்குள் அமலி தீவின் பாதியைச் சுற்றிவிட்டாள். கண்ணில் பட்டவர்கள் இருபத்து நான்கு பேர். எல்லாருக்கும் நாடி எழுபது, எண்பது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி கையை நீட்டி, "அந்தால, மேட்டுக்கு அங்கிட்டு" என்றார்கள். மறைக்கிறவர்களின் குரலில் அதைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டைக் காட்டுவது போலத்தான் காட்டினார்கள்.

மறுநாள் விடிந்ததும் பெனிதாலா ஒரு துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். அமலி மேசையை இழுத்துப் போட்டு, பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா, தெவிலா மனு," என்று மூட்டையை மேசைமேல் வைத்துப் பிரித்தான்.

உள்ளே ஒரு பறவை இருந்தது. பால் வெள்ளை உடம்பு, சிவந்த அலகு, வாலில் நீளமாக இரண்டே இரண்டு சிவப்பு இறகுகள். மேசையில் நிற்க முடியாமல் வயிற்றை அழுத்தி உட்கார்ந்துகொண்டு அமலியைப் பார்த்துக் கத்தியது. கருங்காலில் தென்னை நாரால் இறுக்கிக் கட்டிய ஒரு நாடிமணி.

இடுப்பில் கருவி அலறியது. 'பதினேழு. தெவிலா. பெண். வயது நாற்பத்து நான்கு. நாடி இருநூற்று ஐம்பத்தாறு. உடனடி மருத்துவ உதவி தேவை.'

அமலி பேனாவைக் கீழே வைத்தாள். சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கிவிட்டது.

"அண்ணே, மனுன்னா என்னது?"

பெனிதாலா அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பறவையைச் சுட்டினான். பிறகு மேலே இரண்டு கடற்காகங்கள் போனதைச் சுட்டினான். "அதுவும் மனு. இதுவும் மனு. ஒங்க ஊர்ல மனு கெடையாதா?"

"எங்க ஊர்ல அதுக்குப் பேரு பறவ."

"நீங்க செத்தா அப்பம் என்னவா ஆவிய?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கேட்டது ஏதோ அமலிக்கு நினைவில் இருந்தது. அதை இந்த மனிதனிடம் சொல்ல வாய் வரவில்லை.

மேட்டைத் தாண்டி அவன் அழைத்துப் போனான். குட்டையான புதர்களின் நிழலில், வெறும் மணலில், ஒவ்வொன்றாகத் தவாக்கேக்கள் அடைகாத்துக்கொண்டிருந்தன. பெனிதாலா ஒவ்வொரு புதர் முன்னாலும் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "இது எங்க சின்ன மாமா இயோவானே. கோவக்காரரு, கைய நீட்டாதிய. இது பள்ளிக்கூடத்து டீச்சரு. இது ஃபெத்து, மூணு வயசுல போச்சு. இப்பம் அதுக்கே குஞ்சு பொரிச்சிருக்கு பாருங்க." கையேட்டின் இரண்டு பக்கங்களும் நடுவில் கோடில்லாமல் அந்த மணலில் கிடந்தன. அவன் சொன்னபடியெல்லாம் கருவியும் சொன்னது. இயோவானே, ஆண், எழுபத்தொன்பது. ஃபெத்து, ஆண், பதினொன்று. செத்த பிறகும் கணினி ஆண்டுக்கொரு வயது கூட்டிக்கொண்டே வந்திருந்தது.

நுகுதாவில் ஒருவர் இறந்தால் அன்றே ஒரு தவாக்கேக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். அது தலைமுறை தலைமுறையாக நடப்பது. கழுத்துச் சிப்பியோ கைக்கயிறோ, இறந்தவர் உடம்பில் இருந்ததை அவிழ்த்து அதன் காலில் கட்டுவார்கள். அந்தப் பறவை செத்தால் அதன் குஞ்சுக்கு மாற்றுவார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாரியம் வந்து எல்லார் கையிலும் மணியைக் கட்டியது. இறந்தவரிடம் இருந்து அவிழ்க்க அதைவிடப் பொருத்தமான பொருள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மெலே மேட்டின் உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அமலி திரும்பி வந்ததும் நேரே கேட்டாள்.

"எழுதப் போறியளா?"

"ஒங்களுக்குத் தெரியும், என்னக்கா? அவருக்கு வேணா தெரியாம இருக்கலாம். வானொலியில வாரியத்துக்கிட்ட பேசுதது நீங்க. செத்தவிய மணியத் திருப்பி அனுப்பணும்னு எத்தன தடவ சொல்லியிருப்பாவ?"

"தெரியும்," என்றாள் மெலே. "பத்து வருசத்துக்கு முந்தி தெவிலா போனாள்லா, அன்னைக்குத்தான் நாங்க நாப்பத்தொம்பது ஆனோம். மணிய அனுப்பணும்னு கையில எடுத்தேன். இவன் வந்து வாங்கிட்டுப் போயிக் கட்டிட்டான். நான் தடுக்கல. மறுநாள் வாரியத்துல இருந்து ஒரு சத்தமும் இல்ல. அப்பந்தான் எனக்குப் புரிஞ்சுது, மனு கால்ல மணி துடிக்கதாலதான் கணக்கு அம்பத்தி மூணுன்னே நிக்குதுன்னு."

"இது பொய்யில்லையாக்கா?"

"வைதோ தீவு தெரியுமா ஒங்களுக்கு? எங்களுக்குப் பக்கத்துத் தீவு, ரெண்டு நாள் ஓட்டம். நாப்பத்தெட்டு நாடின்னு உண்மைய எழுதிக் குடுத்தாவ. ஏத்திட்டுப் போனாவ. மூணு வருசத்துல பாதிப்பேரு இல்ல. சீக்கு ஒண்ணுங் கெடையாது. காலையில எந்திரிச்சு எங்க போவன்னு தெரியாம செத்திருக்காவ. செத்தவியளுக்குப் பேரு வைக்க அங்க ஒரு மனு கூட இல்ல."

அமலிக்கு ஒன்பது வயதில் அவர்கள் ஊர் வலம்புரித்துறையைக் கடல் எடுத்துக்கொண்டது. எண்பது மைல் உள்ளே, செம்மண் காட்டில், வரிசையாக வீடு கட்டிக் குடியேற்றினார்கள். எண்ண வந்த அதிகாரி 'விரும்பி வந்தவர்கள்' என்று எழுதிக்கொண்டு போனார். அவள் அப்பா தினமும் விடியுமுன் எழுந்து வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். இரண்டாம் வருடம் எழவில்லை. அந்த அதிகாரி மட்டும் வேறு ஒரு சொல்லை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் இன்றுவரை நினைத்துப் பார்க்காத வாரம் கிடையாது.

பெனிதாலா தெவிலாவை அணைத்தபடி மேலேறி வந்தான். அக்காள் பேசியது பாதி கேட்டிருக்க வேண்டும்.

"இதுல என்ன பொய் இருக்கு? அம்பத்தி மூணு பேரு இருக்கோம். தங்கச்சி, நீ இவளக் கையோட கொண்டு போ. ஒங்க பெரிய ஆபீசர் மேசையில வையி. இவளப் பாத்தா அவருக்கே புரிஞ்சுரும்."

அவன் கேலி செய்யவில்லை. மனைவியைப் பிரிந்து இருக்கிற வருத்தம் கண்ணில் தெரிய, அந்தப் பறவையை உண்மையாகவே அவளிடம் நீட்டினான். அதைவிடப் பெரிய சாட்சியம் அவனிடம் இல்லை. அதை வாங்கிப் போனால் அலுவலகத்தில் யார் எப்படிச் சிரிப்பார்கள் என்று அமலிக்குத் தெரியும். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"வேண்டாம்ணே. அவ இங்கேயே இருக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

அன்றே எழுதினாள். இருபத்தொன்பது மணிகளில் உப்புக் காற்று ஏறியிருக்கிறது, ஒரு துடிப்பை மூன்றாக எண்ணுகின்றன, நோய் எதுவும் இல்லை, ஐம்பத்து மூவரையும் நேரில் கண்டேன். நேரில் கண்டது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மெலே அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பெனிதாலாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"உப்புன்னு எழுதாத தங்கச்சி. மனுன்னு எழுது."

"மனுன்னு எழுதினா எங்க ஆபீசுல அதுக்கு வேற அர்த்தம்ணே. எங்கள விட்டுராதிய சாமின்னு கேட்டு எழுதிக் குடுக்கதுக்குப் பேருதான் எங்க ஊர்ல மனு."

"அதுவுஞ் சரிதான்," என்றான் பெனிதாலா.

வாரியம் அவள் சொன்னதை நம்பியது. புது மணிகள் அனுப்புவதைவிடக் கணினியில் ஒரு வரி சேர்ப்பது சுலபம் என்று பொறியாளர்கள் கண்டார்கள். எந்த மணி கெட்டது, எது நல்லது என்று பிரித்துக்கொண்டிருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. நுகுதாவைப் பொறுத்தவரை நாடி நூறுக்கு மேல் போனால் மூன்றால் வகுத்துக்கொள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இருநூற்று நாற்பது எண்பதானது. சிவப்பு எழுத்து பச்சையானது. அமலியை வேறு கடலுக்கு மாற்றினார்கள். எப்போதாவது அலுவலகக் கணினியில் நுகுதாவைத் தட்டிப் பார்ப்பாள். 'ஐம்பத்து மூவர். அனைவரும் நலம்' என்று வரும். அவள் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு ஆண்டுகள் கழித்து நுகுதாவிலிருந்து ஒரு புகார் வந்தது. அனுப்பியவர் மனிதரல்ல. இப்போது அந்தப் பக்கத்துக்கு ஆளில்லாக் கப்பல்தான் போகிறது. தானே வரும், பெட்டிகளை மணலில் இறக்கும், தானே திரும்பும். 'இறக்குமிடத்தில் இடமில்லை' என்று அந்தக் கப்பல் மூன்றாம் முறையாக எழுதியிருந்தது. தீவைத் தெரிந்தவள் என்பதால் அமலியைப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள்.

கரையில் இளநீரோடு யாரும் நிற்கவில்லை. மணலில் அரிசிப் பெட்டிகளும் மாவுப் பெட்டிகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கியபடி இருந்தன. மேலே இருந்தவை புதியவை. கீழே இருந்தவற்றை நண்டுகள் கிழித்திருந்தன.

"மெலேக்கா!" என்று கூப்பிட்டாள். "பெனிதாலாண்ணே!"

இடுப்புக் கருவி அமைதியாக இருந்தது. ஐம்பத்து மூன்று பச்சைப் புள்ளிகள்.

வீடுகளுக்குப் பின்னால், பவளக்கல் அடுக்கிய மேடுகள் வரிசையாக இருந்தன. எண்ணுவது அவள் தொழில். இருபத்து மூன்று. முதல் ஏழெட்டு மேடுகள் நேர்த்தியாக, நாலு பேர் சேர்ந்து கட்டியவை என்று தெரியும்படி இருந்தன. போகப் போகக் கல் குறைந்தது, அடுக்கு சாய்ந்தது. கடைசி மேடு ஒற்றை ஆள் இழுத்துப் போட்ட கற்களாகக் கிடந்தது.

வானொலி மெலேயின் வீட்டில் இருந்தது. கூரைமேல் இருந்த சூரியத் தகட்டின் மின்சாரத்தில் அது இன்னும் உயிரோடுதான் இருந்தது. அனுப்பிய செய்திகளை அது சேர்த்து வைத்திருந்தது. அமலி மொழிபெயர்ப்பானைக் காதில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

முதல் செய்தி எட்டு மாதத்துக்கு முந்தையது. "நாலு பேருக்குக் காய்ச்சலா இருக்கு. நாடி நூத்தம்பது ஓடுது. டாக்டர அனுப்புங்க." அதன் கீழே வாரியத்தின் பதில். 'பார்த்தோம். நால்வருக்கும் நாடி ஐம்பது. ஆழ்ந்த ஓய்வில் உள்ளனர்.'

அமலி அதை இரண்டு முறை படித்தாள். வாரியத்தில் செய்திகளைப் படிக்க இப்போது ஆள் கிடையாது. கணினியே படித்துக் கணினியே எழுதும். நூறுக்கு மேல் போனால் மூன்றால் வகு. உடம்பு நெருப்பாய்க் கொதித்து நாடி தெறிக்கும் ஒவ்வொருவரையும் அது தூங்குகிறார் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்தடுத்த செய்திகளில் மெலேயின் குரல் மெலிந்துகொண்டே போனது. பதில்கள் மட்டும் மாறவில்லை. கடைசிக்கு முந்தைய செய்தி ஐந்து மாதம் பழையது. அது வாரியத்துக்கு அல்ல.

"இது ஆபீசரம்மா அமலிக்கு. யாராவது அவகிட்ட சொல்லுங்க. அமலி, நீ எங்களுக்கு நல்லதுதான் செஞ்ச. நானுந்தான் ஒங் கைய விடாமப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா இப்பம் அது வெனையாப் போச்சு. எட்டுப் பேரு இருக்கோம். நான் எழுந்து நிக்க முடியல. நீ வாரியத்துக்கிட்டச் சொல்லு. அது உப்பு இல்லன்னு சொல்லிரு."

பதில்: 'உங்கள் செய்தி மனுவாகப் பதிவு செய்யப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.'

அமலி காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தன் அத்தையின் பேச்சில், தன் ஊர்க்காரி வந்து கேட்பது போல, அந்தக் குரல் கேட்டிருக்கிறது. ஐந்து மாதம் அந்த மனு எங்கோ ஒரு வரிசையில் நின்றிருக்கிறது. அவளோ வேறொரு கடலில் உட்கார்ந்துகொண்டு 'அனைவரும் நலம்' என்று தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள்.

கடைசிச் செய்தியைக் கேட்க மறுபடி அந்த மொழிபெயர்ப்பானைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பெனிதாலா. இருபத்தாறு நாளைக்கு முந்தையது. அவன் குரலில் புகார் எதுவும் இல்லை.

"எல்லாரையும் கட்டிட்டேன். மெலேயும் இங்கதான் இருக்கா. எனக்கும் நேத்தையில இருந்து சூடா இருக்கு. எனக்கு ஒருத்தனப் பாத்து வச்சிருக்கேன், இளவட்டம், நல்லாப் பறப்பான். அம்பத்தி மூணுதான். கொறையல. வாரவிய பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

மேட்டைத் தாண்டி, தெவிலாவின் புதருக்குப் பக்கத்தில் அவன் இருந்தான். நண்டுகள் தங்கள் வேலையை முடித்திருந்தன. அகன்ற தோள் எலும்பைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. மணிக்கட்டில் மணி இல்லை. அமலி கற்களைச் சுமந்து வந்து அவனுக்கும் ஒரு மேடு கட்டினாள். உச்சி வெயில் சாய்ந்து மாலை ஆகும்வரை அதற்கே சரியாக இருந்தது. சுற்றிலும் ஐம்பத்து மூன்று பறவைகள் அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

பிறகு கருவியைத் திறந்து இறப்புப் பதிவுக்கான படிவத்தை எடுத்தாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அறிக்கை பொய். மணிகளில் உப்பு ஏறவில்லை. இருபத்தொன்பது மணிகள் பறவைகளின் காலில் இருந்தன. இப்போது ஐம்பத்து மூன்றும் பறவைகளின் காலில் இருக்கின்றன. மனிதர் எவரும் இல்லை. அனைவரும் இறந்துவிட்டார்கள். காரணம் நான். ஒரு வரி விடாமல் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள். வேலை போகும், வழக்கு வரும். வரட்டும் என்றிருந்தது. யாராவது ஒருவர் வந்து இந்த இருபத்து நான்கு மேடுகளைப் பார்த்தால் போதும்.

பதில் வரக் கால் நிமிடம்கூட ஆகவில்லை.

'ஐம்பத்து மூவருக்கும் நாடி உள்ளது. நாடி உள்ளவர்களை இறந்தவர்களாகப் பதிய விதியில் இடமில்லை. உங்கள் மனு நிராகரிக்கப்பட்டது. நுகுதாவில் அனைவரும் நலம்.'

தூரத்தில் ஆளில்லாக் கப்பல் புறப்படும் நேரத்தைச் சொல்லி ஊதியது. அமலி கருவியை நீட்டியபடி புதர் புதராகப் போய்த் தேடினாள். நாற்பத்தோராம் எண் ஒரு தாழை மரத்தடியில் இருந்தது. அதன் முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"மெலேக்கா, உப்பு இல்லன்னு சொல்லிட்டேன்க்கா. கேக்க மாட்டேங்குது."

பறவை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடியது. கையில் இருந்த கருவி மெல்ல ஒலித்தது.

'நாற்பத்தொன்று. மெலே. பெண். வயது ஐம்பத்திரண்டு. ஓய்வில் உள்ளார்.'